நீல் துரை சிலையும் கோரேகாவ் தூணும்

சிலைகளுக்கு வாய் இல்லை என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஊர் வம்பை இழுப்பதில் அவற்றை மிஞ்சக்கூடியவர்கள் மனிதர்களிலேயே குறைவு. உயிரோடிருக்கும் ஒருவன்மேல் குற்றம் சுமத்தினால் அவன் பதில் சொல்லுவான்; அல்லது மன்னிப்புக் கேட்பான்; இரண்டும் இயலாவிட்டால் ஊரைவிட்டே போய்விடுவான். சிலையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. வைத்தவர்கள் போய்விடுகிறார்கள். புகழ்ந்தவர்களும் போய்விடுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "இவர் யார்? எதற்காக இங்கே நிற்கிறார்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில்தான் சண்டை பிறக்கிறது.

சென்ற வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அப்படி ஒரு சண்டை பிறந்தது. பத்தாம் வகுப்பில் 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சியைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் சென்னை மவுண்ட் ரோடில் நின்ற நீல் துரையின் சிலையைக் குறிப்பிட்டு, அது பிற்பாடு எழும்பூர் மியூஸியத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லி முடித்தேன். முன் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"அதை ஏன், ஸார், பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? உருக்கி அண்டா குண்டான் வார்த்திருக்கலாமே! வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்காக வைத்த சின்னம் ஒன்றுகூட இந்தத் தேசத்தில் மிஞ்சக் கூடாது" என்றான்.

வகுப்பு முழுவதும் கை தட்டிற்று. நானும் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆரவாரம் அடங்கியதும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். தானாக எழுந்து பேசும் வழக்கமே இல்லாதவள்.

"ஸார், கோரேகாவ் தூணும் வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்காகக் கட்டியதுதான். அதன் படம் எங்கள் வீட்டில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதையும் இடித்துவிட வேண்டுமா?" என்று கேட்டாள்.

யாரும் கை தட்டவில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குக் கோரேகாவ் என்பது ஊரின் பெயரா, மனிதரின் பெயரா என்றே தெரியாது. இருபது வருஷமாகச் சரித்திரம் போதிக்கும் எனக்கும் அதைப் பற்றிப் பெயரளவில்தான் தெரியும் என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். நல்ல வேளையாக மணி அடித்தது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அது உபாத்தியாயர்கள் தொன்றுதொட்டுக் கையாண்டுவரும் உபாயம். அந்த 'நாளை' வந்து சேர எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் தேடித் தெரிந்துகொண்ட விஷயங்களையே இங்கே நேயர்களின் முன் வைக்கிறேன்.

மவுண்ட் ரோடு வீரர்

ஜேம்ஸ் நீல் என்பவர் 1810-ஆம் வருஷம் ஸ்காட்லாந்தில் ஆயர் என்னும் ஊருக்கு அருகே பிறந்தவர். கும்பினியாரின் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1857 மே மாதத்தில் வடநாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, 'மதராஸ் ப்யூஸிலியர்ஸ்' என்ற ஐரோப்பியப் பட்டாளத்தை நடத்திக்கொண்டு சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். நம் ஊருக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

ஜூன் மாதத்தில் அவர் காசிக்கும், பிறகு அலகாபாத்துக்கும் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்தவை படிப்பதற்கே மனம் கூசுபவை. கிராமங்கள் கொளுத்தப்பட்டன. குற்றவாளி யார், நிரபராதி யார் என்ற விசாரணை பெயருக்குக்கூட இல்லாமல் ஜனங்கள் மரங்களில் தூக்கிலிடப்பட்டார்கள். இவற்றை நம்மவர்கள் மட்டும் சொல்லவில்லை. சிப்பாய்ப் போரின் சரித்திரத்தை விரிவாக எழுதிய ஜான் கே என்னும் ஆங்கிலேயரே அலகாபாத்தில் நடந்த கொடுமைகளை ஒளிக்காமல் பதிந்து வைத்திருக்கிறார்.

ஜூலை 15-ஆம் தேதி கான்பூரில், பீபிகர் என்ற வீட்டில் சிறை வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேய ஸ்திரீகளும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்கள் பக்கத்துக் கிணற்றில் போடப்பட்டன. அது மகா பாதகம். எந்தத் தேசபக்தியும் அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. சில நாளைக்கெல்லாம் நீல் கான்பூருக்கு வந்தார். மரண தண்டனை பெற்றவர்கள் தூக்குமேடை ஏறுமுன் அந்த வீட்டுத் தரையில் உறைந்திருந்த இரத்தத்தில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும், அவர்களுடைய சாதி ஆசாரத்துக்கு எது மிகவும் அருவருப்போ அந்த விதமாகச் செய்விக்க வேண்டும் என்றும், மறுப்பவர்களைச் சவுக்கால் அடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். நாவால் நக்க வைக்கப்பட்டவர்களும் உண்டு.

நீல் செய்தது வெறும் பழிக்குப் பழிதானே என்று அவருக்காகப் பரிந்து பேசியவர்கள் உண்டு. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. காசியிலும் அலகாபாத்திலும் அவர் கை ஓங்கியது ஜூன் மாதத்தில். கான்பூர்க் கொலை நடந்தது ஜூலையில்.

அதே வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி லக்னோவின் தெருக்களில் நடந்த சண்டையில் நீல் சுடப்பட்டு இறந்தார். அவருக்குச் சென்னையில் பொதுஜனச் சந்தாவில் ஒரு வெண்கலச் சிலை வார்க்கப்பட்டு, 1861-இல் மவுண்ட் ரோடில் நிறுவப்பட்டது. செய்தவர் மாத்யூ நோபிள் என்ற ஆங்கிலேயச் சிற்பி. வங்காளத்தில் பொங்கிய கலக வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் இவரே என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதாகப் பீடத்தில் எழுதினார்கள். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் அலகாபாத்துக் கிராமத்தார்கள் அடங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அறுபத்தாறு வருஷ மௌனம்

1861 முதல் 1927 வரை அறுபத்தாறு வருஷம் அந்தச் சிலை மழையிலும் வெயிலிலும் நின்றது. வைத்தவர்களுக்கு அது வீரத்தின் சின்னம். தெருவோடு போன நம் ஜனங்களில் பெரும்பாலோருக்கோ அது ஒரு துரையின் பொம்மை. ஜட்கா வண்டிக்காரருக்கு இடம் சொல்ல ஓர் அடையாளமாக உதவியிருக்கும். பீடத்து எழுத்து இங்கிலீஷில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த சிலருக்கும் அலகாபாத்தில் என்ன நடந்தது என்று சொல்லுவார் இல்லை.

பிறகு என்ன மாறியது? வெண்கலம் மாறவில்லை. பார்த்தவர்கள் மாறினார்கள். 1919 ஏப்ரலில் அமிருதசரஸில் ஜெனரல் டயர் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த ஜனங்களைச் சுட்டுத் தள்ளினான். அடைபட்ட தெருவில் இந்தியர்களை வயிற்றால் ஊர்ந்து போகும்படி உத்தரவிட்டான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நீல் துரையின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தவர்களுக்கு அது பழைய முகமாகத் தோன்றியிராது. 1925-இல் எட்வர்ட் தாம்ஸன் என்ற ஆங்கிலேயர் 1857-இல் தம்மவர்கள் செய்த கொடுமைகளைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். மூடி வைத்திருந்த விஷயம் மெள்ள மெள்ள வெளியே வந்துகொண்டிருந்தது.

1927 ஆகஸ்டு மாதத்தில் மதுரையிலிருந்து வந்த முகம்மது சாலியா, சுப்பராயலு நாயுடு என்ற இரண்டு தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் எடுத்துக்கொண்டு போய்ச் சிலையின்மேல் கை வைத்தார்கள். சர்க்கார் உடனே கைது செய்தது. அவர்களைத் தொடர்ந்து திருநெல்வேலி எஸ். என். சோமயாஜுலுவின் தலைமையில் மாகாணத்தின் பல ஜில்லாக்களிலிருந்தும் தொண்டர்கள் புறப்பட்டார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் தம்முடைய சின்னஞ்சிறு மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு வந்து, சிறைக்கும் போனார். செப்டம்பரில் சென்னைக்கு வந்த காந்தி மகான் தொண்டர்களுடன் பேசினார். போராட்டம் அஹிம்சை வழியிலேயே நடக்க வேண்டும், ஆங்கிலேயரிடம் துவேஷம் கூடாது என்று வற்புறுத்தினார். அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று பெயரிட்டவரும் அவர்தான்.

சைமன் கமிஷன் வந்தபின் தேசத்தின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. சிலை இன்னும் பத்து வருஷம் நின்றது. 1937-இல் ராஜாஜியின் மந்திரி சபை பதவிக்கு வந்தபின் அதைத் தெருவிலிருந்து எடுத்தார்கள். யாரும் உடைக்கவில்லை, உருக்கவும் இல்லை. பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்று அழைத்த எழும்பூர் மியூஸியத்தில் அதற்கு இடம் கிடைத்தது. உயிரற்றவற்றுக்கு ஏற்ற இடம் என்று அப்போது யாராவது ஹாஸ்யம் செய்திருப்பார்கள்.

ஒரு விசேஷத்தையும் கவனிக்க வேண்டும். இன்று அண்ணா சாலை என்று பெயர் கொண்ட அதே மவுண்ட் ரோடில், தீவுத்திடல் பக்கத்தில், கவர்னர் தாமஸ் மன்றோ 1839 முதல் குதிரைமேல் வீற்றிருக்கிறார். அவரும் வெள்ளைக்காரர்தாம், கும்பினியாரின் ஊழியர்தாம். நீலை எதிர்த்துச் சிறை போனவர்கள் மன்றோவின் குதிரையைச் சீண்டவில்லை. ரயத்துகளின் நலனைக் கருதியவர் என்ற நல்ல பெயர் அவருக்கு ஜனங்களிடையே இருந்தது. ஆகையால் அந்தச் சத்தியாக்கிரகிகள் நிறத்தைப் பார்த்துச் சுத்தியலை எடுத்தவர்கள் அல்ல. நீலின் காரியத்தைப் படித்துவிட்டே எடுத்தார்கள்.

பீமா நதிக்கரையில்

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

பூனாவுக்கு வடகிழக்கே சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில், பீமா நதிக்கரையில் கோரேகாவ் என்ற கிராமம் இருக்கிறது. 1818 ஜனவரி முதல் தேதி அங்கே ஒரு யுத்தம் நடந்தது. காப்டன் ஸ்டான்டன் என்பவர் சிரூர் பாளையத்திலிருந்து கும்பினிப் படை ஒன்றை இரவோடு இரவாகப் பூனாவை நோக்கி நடத்திக்கொண்டு வந்தார். எல்லாம் சேர்ந்து எண்ணூற்றுச் சொச்சம் பேர். பெரும் பகுதி பம்பாய்ச் சுதேசிக் காலாட்கள். கொஞ்சம் குதிரை வீரர்கள். இரண்டு பீரங்கிகளுடன் மதராஸ் பீரங்கிப் படையினர் சிலர். விடிந்து பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் பேஷ்வா இரண்டாம் பாஜி ராவின் பெருஞ்சேனை, சுமார் 28,000 பேர். அந்தச் சேனையிலிருந்து பிரிந்து வந்த ஒரு பகுதிதான் கிராமத்தைத் தாக்கியது. கும்பினிச் சிப்பாய்கள் பகல் முழுவதும் சோறு தண்ணீர் இல்லாமல் தெருத் தெருவாக நின்று போராடினார்கள். இரவு வந்ததும், மேலும் ஆங்கிலேயப் படை வரும் என்று அஞ்சிப் பேஷ்வாவின் சேனை விலகிப் போயிற்று. ஸ்டான்டனும் பூனாவுக்குப் போகாமல் சிரூருக்கே திரும்பினார். யாருக்கு வெற்றி என்று நியாயமாகக் கேட்டால் பதில் சொல்வது சற்றுக் கஷ்டம்.

கும்பினியாருக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. 1821-இல் அந்த இடத்தில் அஸ்திவாரம் போட்டு உயரமான கல் தூண் ஒன்றை எழுப்பினார்கள். இங்கிலீஷிலும் மராத்தியிலும் தங்கள் வெற்றியைப் பொறித்தார்கள். போரில் மாண்ட 49 பேரின் பெயர்களையும் செதுக்கினார்கள். தங்கள் ராஜ்யத்தின் பெருமையை நாட்டினர்க்கு உணர்த்துவதே அவர்களுடைய எண்ணம். அந்த 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அது மகார் சாதியினரின் பெயர்களில் வரும் விகுதி. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களின் பெயர்கள் அவை. கட்டியவர்கள் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பேஷ்வாக்களின் தலைநகரான பூனாவில் தீண்டத்தகாதவர்கள் எப்படி நடக்க வேண்டியிருந்தது என்று டாக்டர் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். எச்சில் தரையில் விழாமல் இருக்கக் கழுத்தில் ஒரு கலயம். காலடி பட்ட மண்ணைப் பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் ஒரு துடைப்பம். அப்படி நடத்தப்பட்டவர்களின் பெயர்கள் வானளாவிய ஒரு தூணில், கல்லில், எல்லாரும் படிக்கும்படி பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுடைய சந்ததியார்களுக்கு அது என்னவாகத் தோன்றியிருக்கும் என்று நாம் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அந்த ராஜ்யத்தில் வேறு எந்தக் கல்லிலும் அவர்களுக்கு இடம் இருந்ததா?

அந்த மரியாதையைக் கொடுத்த ஆங்கிலேயர்களே பின்னர் அதை மறந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷங்களில் மகார்களை ராணுவத்தில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். போர் புரியும் சாதிகள், புரியாத சாதிகள் என்று புதிதாக ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்து, மகார்களை இரண்டாவது ஜாபிதாவில் தள்ளினார்கள். தங்களுக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயரைத் தாங்களே செதுக்கிய கல் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது. மகார்கள் அந்தத் தூணைக் காட்டி நியாயம் கேட்டார்கள். பிரபுக்களின் புகழுக்காகக் கட்டிய தூண், அவர்கள்மேலேயே சாட்சி சொல்ல ஆரம்பித்தது.

1927 ஜனவரி முதல் தேதி டாக்டர் அம்பேத்கர் அங்கே போனார். அது முதல் அந்தத் தேதி ஒரு திருநாளாயிற்று. வருஷந்தோறும் ஜனங்கள் நாடெங்கிலுமிருந்து திரண்டு வந்து அஞ்சலி செய்கிறார்கள். அவர்கள் கும்பினியாரைக் கும்பிட வருவதில்லை. தங்கள் முன்னோர்கள் கோழைகளும் அல்ல, கீழானவர்களும் அல்ல என்பதற்குக் கல்லில் எழுதிய அத்தாட்சியைப் பார்க்க வருகிறார்கள். அங்கிருந்து திரும்பிய மூன்று மாதத்துக்குள், மார்ச் 20-ஆம் தேதி, மகாட் ஊர்ப் பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் சத்தியாக்கிரகத்தை அம்பேத்கர் நடத்தினார். 1941-இல் மகார் ரெஜிமெண்ட் ஏற்பட்டபோது அதன் சின்னத்தில் கோரேகாவ் தூண் இடம் பெற்றது. சுதந்திரம் வந்தபின் அது சின்னத்திலிருந்து நீக்கப்பட்டது.

இதற்கு ஆட்சேபம் சொல்பவர்களும் உண்டு. கும்பினிப் படை சாதிக் கொடுமையை ஒழிக்கப் புறப்பட்டதல்ல; ராஜ்யத்தைப் பிடிக்கப் புறப்பட்டது. இரண்டு சேனைகளிலும் பல சாதியினர், பல மதத்தினர் இருந்தார்கள். தூணிலுள்ள மற்ற 27 பெயர்களுக்கும் குடும்பங்கள் உண்டு. இவையெல்லாம் உண்மைதான். இந்த வாதம் வெறும் ஏட்டோடு நிற்கவும் இல்லை. யுத்தத்தின் 200-ஆவது ஆண்டு நாளான 2018 ஜனவரி முதல் தேதி அந்த வட்டாரத்தில் கல்லெறியும் கலவரமும் மூண்டன. ஒரு வாலிபனின் உயிர் போயிற்று. 1818-இல் நடந்த சண்டை முடிந்துவிட்டது என்று யார் சொல்ல முடியும்?

ஒரே வருஷம்

நேயர்கள் இங்கே சற்று நின்று இரண்டு தேதிகளைச் சேர்த்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். 1927 ஜனவரியில் பீமா நதிக்கரையில் கும்பினியாரின் ராணுவச் சின்னம் ஒன்றை நம் தேசத்துத் தலைவர் ஒருவர் சென்று வணங்குகிறார். அதே 1927 ஆகஸ்டில் சென்னையில் கும்பினியாரின் ராணுவச் சின்னம் இன்னொன்றை நம் தேசத்துத் தொண்டர்கள் சுத்தியலால் அடிக்கிறார்கள். இருவரும் கேட்டது சுயமரியாதையைத்தான். ஒருவருக்கு அதைக் குலைத்த சின்னம் கண்முன் நின்றது. மற்றவருக்கு அதைக் கொடுத்த சின்னம் கண்முன் நின்றது.

எங்கள் வகுப்பில் எழுந்த அந்தப் பையனும் பெண்ணும் இந்த இரண்டு நிகழ்ச்சிகளின் வாரிசுகள். பையன் சொன்னது தவறா? தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலகாபாத்தில் தூக்கிலிட்டவனின் உருவத்தின்கீழ் தலைகுனிந்து நடப்பது எந்தச் சுதந்திர ஜனங்களுக்கும் அழகல்ல. ஆனால் ஒரு சின்னத்தின் அர்த்தத்தை, வைத்தவன் யார் என்பதைக்கொண்டு மட்டும் தீர்மானித்துவிட முடியாது என்பதை அந்தப் பெண்தான் எனக்குக் கற்பித்தாள்.

கான்பூரிலும் டில்லியிலும்

அப்படியானால் பழைய சின்னங்களை என்ன செய்வது? நம் தேசத்தார் ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கான்பூர்க் கிணற்றின்மேல் ஆங்கிலேயர்கள் சலவைக்கல்லில் ஒரு தேவதையை நிறுவினார்கள். மரோக்கெட்டி என்ற சிற்பியின் வேலை அது. இறக்கைகளுடன் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு தலை குனிந்து நிற்கும் அழகிய உருவம். சுற்றிலும் ஒரு பெரிய தோட்டம். செலவுக்காகக் கான்பூர் ஜனங்கள்மேல் தண்டம் விதித்தார்கள். ஆனால் தண்டம் கட்டியவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தத் தோட்டத்துக்குள் நுழைய முடியாது! குழந்தைகளுக்காகத் துக்கம் கொண்டாடும் இடத்தையே இன்னொரு ஜனசமூகத்தை அவமதிக்கும் இடமாக ஆக்கியது ஆங்கிலேய அதிகாரம். சுதந்திரத்துக்குப் பின் தேவதை ஊரிலுள்ள மாதாகோவில் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. தோட்டத்துக்கு நானா ராவின் பெயர் வைத்தார்கள். தாந்தியா தோபேயின் சிலையும் அங்கே வந்தது. இது நியாயமான பதில்தான். ஆனால் இப்போது அங்கே உலாவப் போகும் குழந்தைக்கு, அந்த மண்ணின் கீழ் வேறு குழந்தைகள் கிடக்கிறார்கள் என்று யார் சொல்லுவார்கள் என்ற எண்ணமும் எனக்கு எழாமல் இல்லை. ஒரு மறதியை நீக்கப் போய் இன்னொரு மறதியை உண்டாக்குவது எளிது.

டில்லியில் வேறு விதமாகச் செய்தார்கள். நகரத்தின் வடக்கே பாறைமேட்டில் 1863-இல் ஆங்கிலேயர்கள் சிவப்புக் கல்லால் எண்கோண வடிவமான கோபுரம் ஒன்றைக் கட்டினார்கள். 1857-இல் டில்லியை மீட்கும் போரில் தங்கள் சேனையில் மாண்டவர்களின் ஞாபகம் அது. ஐரோப்பியர் இத்தனை, சுதேசிகள் இத்தனை என்று பிரித்துக் கணக்கெழுதி, எதிர்த்து நின்றவர்களைச் 'சத்துரு' என்று பொறித்திருந்தார்கள். சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டான 1972-இல் நம் சர்க்கார் அந்தக் கோபுரத்தை இடிக்கவில்லை. எழுத்தை அழிக்கவும் இல்லை. அஜீத்கட் என்று பெயர் சூட்டி, பக்கத்தில் ஒரு பலகை வைத்தது. இந்தச் சின்னத்தில் சத்துரு என்று குறிக்கப்பட்டவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்து, தேச விடுதலைக்காகத் தீரத்துடன் போராடியவர்கள் என்பது அதன் சாரம்.

இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. உபாத்தியாயர் மாணவனின் கட்டுரையைத் திருத்துவதைப்போல் இது. தவறாக எழுதிய வரியைக் கிழித்தெறிந்துவிட்டால், என்ன தவறு என்பது அடுத்த நாளே மறந்துபோகும். பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தால் தவறும் தெரிகிறது, திருத்தமும் தெரிகிறது. அந்தக் கோபுரத்தின் முன் நிற்பவன் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுப் போக முடியாது. ஆனால் எல்லாச் சின்னத்துக்கும் இந்த முறை பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நாள்தோறும் ஆயிரம் பேர் போகும் நடுத்தெருவில் உயரத்தில் நிற்கும் வெண்கல உருவத்துக்குக் கீழே என்ன பலகை வைத்தாலும் யார் கண்ணில் படும்? கண்ணில் படுவது உருவத்தின் மிடுக்குத்தான். ஆகவே நீல் தெருவைவிட்டுப் போனது சரி. மியூஸியத்தில் பத்திரமாக இருப்பதும் சரி. உருக்கியிருந்தால், எதை எதிர்த்து அஞ்சலை அம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதற்கு ஒரு சாட்சி குறைந்து போயிருக்கும்.

இரண்டு பலகைகள்

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்றைக்கே பதில் தெரியாமல் போனதற்காக எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். பிறகு ஒரு வேலை கொடுத்தேன். அந்தப் பையன் நீல் துரை சிலைக்கும், அந்தப் பெண் கோரேகாவ் தூணுக்கும் ஆளுக்கொரு பலகை எழுத வேண்டும். மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும்.

பையனின் முதல் பலகையில் ஒரே வாக்கியம்தான் இருந்தது: "இவன் ஒரு கொலைகாரன்."

"ஐம்பது வருஷம் கழித்துப் படிப்பவனுக்கு இது போதுமா? யாரைக் கொன்றான், எங்கே கொன்றான் என்று கேட்பானே?" என்று ஒருத்தி ஆட்சேபித்தாள். பையன் திரும்ப எழுதினான். காசியும் அலகாபாத்தும் கான்பூரும் வந்தன. கான்பூர்க் கிணற்றில் இறந்த குழந்தைகளையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவன் சொன்னான். பையன் முதலில் முறைத்தான், பிறகு சேர்த்துக்கொண்டான். "சேர்த்தால்தான் நாம் சொல்வதை நம்புவார்கள்" என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். கடைசி வரியாக, சிலையை அகற்றச் சிறை போனவர்களின் பெயர்களை எழுதினான்.

அந்தப் பெண்ணின் பலகை ஆரம்பத்திலேயே நன்றாக இருந்தது. அந்த 22 பெயர்களைப் பற்றியும், கழுத்தில் கட்டிய கலயத்தைப் பற்றியும் எழுதியிருந்தாள். நீலுக்குப் பலகை எழுதிய பையன் எழுந்தான். "மீதி 27 பேர்?" என்று கேட்டான். அவள் சிறிது நேரம் பேசவில்லை. எனக்குப் பழைய சண்டை மறுபடி கிளம்பிவிடுமோ என்று பயமாயிருந்தது. ஆனால் அவள், "அவர்களும் ஏழைகளாய்த்தான் இருந்திருப்பார்கள், ஸார்" என்றாள். பேனாவை எடுத்து, 49 பேரும் அந்நியக் கும்பினியின் கூலிக்காக உயிர் கொடுத்தவர்கள் என்று ஒரு வரி சேர்த்தாள். அதன்கீழ் இன்னொரு வரி: "சொந்த ராஜ்யத்தில் மரியாதை இருந்திருந்தால், அந்நியனின் பட்டாளத்துக்கு எங்கள் முன்னோர்கள் ஏன் போகிறார்கள்?"

அந்தக் கேள்விக்கு வகுப்பில் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. என்னிடமும் பதில் இல்லை. இந்தத் தடவை மணி அடித்துக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இரண்டு பலகைகளையும் கெட்டி அட்டையில் எழுதி வகுப்பறைச் சுவரில் பக்கத்தில் பக்கமாக மாட்டியிருக்கிறோம். அடுத்த வருஷம் வரப்போகும் மாணவர்கள் தங்களுக்குத் தோன்றும் குறையை எழுதுவதற்காக, ஒவ்வோர் அட்டையின் அடியிலும் நாலு விரற்கடை இடம் காலியாக விட்டிருக்கிறோம்.